கண் ஆபரேஷனா... கை, கால் உதறுதா? பயத்தை போக்கும் நர்சுகளின் ஆறுதல் பேச்சு

பந்தல்குடி:
கண்புரை ஆபரேஷன் என்றாலே கிராமத்து பெருசுகளுக்கு உதறல் எடுத்து விடுகிறது. 'இருக்கிற பார்வையும் போயிருமோ' என்று நாளை கடத்துகின்றனர். புரை முற்றினால் ஆபரேஷன் சிக்கலாகும். கண்ணில் அழுத்தம் கூடி பார்வையே பறிபோகும் அபாயமும் உண்டு.

வானம் பார்த்த பூமியான பந்தல்குடி, திருச்சுழி பகுதியினருக்கு பெரிய வைத்தியம் என்றால் மதுரைதான். அங்கு 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை தொடங்கினார். கிராமத்து பெண்களை தேர்வு செய்து, 2 ஆண்டு பயிற்சி கொடுத்து அங்கு பணியில் அமர்த்துகின்றனர். நம்ம ஊர் பேச்சில் நர்சு பேசும்போதே பாட்டிகளுக்கு பாதி பயம் போய்விடும்.

பயந்தால் என்ன?

பயத்தில் ரத்த அழுத்தம் எகிறும். அதிகம் கூடினால் ஆபரேஷனையே தள்ளி வைப்பார்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போக செய்துதான் ஆபரேஷன் நடக்கிறது. நோயாளி விழித்திருப்பார். பதறி தலையை அசைத்தால் ஆபத்து.

நர்சுகள் செய்ய வேண்டியது

* பெட் நம்பரை சொல்லாமல் 'பாட்டி', 'ஐயா' என்று கூப்பிட வேண்டும்.

* 'பயப்படாதீங்க' என்றால் மட்டும் போதாது. எதற்கு பயம் என்று கேட்க வேண்டும்.

* அடுத்து நடப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'சொட்டு மருந்து விட்டா கண்ணு கூசும்', 'முகத்துல துணி போடுவோம், மூச்சு விடலாம்', 'பளிச்னு வெளிச்சம் தெரியும்' என்று சொல்லி வைத்தால் திடுக்கிட மாட்டார்கள்.

* 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லக்கூடாது. ஊசி குத்தினால், 'சுருக்னு இருக்கும், சீக்கிரம் மரத்துரும்' என்பதே சரி. ஒரு முறை ஏமாந்தால் அடுத்த சொல்லை நம்ப மாட்டார்கள்.

* இருமல் வந்தால் அசையாமல் முதலில் வாயால் சொல்லும்படி கூற வேண்டும். பக்கத்தில் நின்று கையை பிடித்துக்கொண்டாலே நடுக்கம் குறையும்.

வீட்டார் கவனத்துக்கு

'அவனுக்கு அப்படி ஆச்சு, இவனுக்கு இப்படி ஆச்சு' என்று கதை சொல்லி பெரியவர்களை மிரட்டாதீர்கள். சுகர், பிரஷர் மாத்திரை அட்டைகளை கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காலையில் சாப்பிடலாமா, கூடாதா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் எதுவானாலும் கூச்சப்படாமல் நர்சிடம் கேட்கலாம். பதில் சொல்வதும் அவர் வேலைதான்.