விசையைப் பாராதே, தோழா!

நீதிமன்றத்துக்கு எதிரே, வட்டாட்சியர் அலுவலக வாசலில், தொழிலாளர் அலுவலகம் இருக்கும் தெருவில் — எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பலகையைக் காணலாம். ‘ஜெராக்ஸ், டி.டி.பி., மனு டைப் செய்து தரப்படும்.’ உள்ளே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஒரு பையன். அவன் முதுகுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நம் தோழர். இருபது ஆண்டு இரும்போடு மல்லுக்கட்டிய கை அது. அந்தக் கை கட்டிக் கிடக்கிறது; பையனின் இரண்டு விரல் எழுதுகிறது. யாருடைய வழக்கை? தோழரின் வழக்கை!

ஆறு மாதத்துக்கு முன்பு அப்படி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். வார்ப்பாலைத் தொழிலாளி. எந்த ஆலை என்பது இங்கு வேண்டாம். ஆறு நாள் விடுப்புக்குக் கூலியைப் பிடித்துவிட்டார்கள். விடுப்புக்கு முறையாக எழுதிக் கொடுத்திருந்தார் அவர். அதைத்தான் மனுவில் முதலில் சொன்னார். பையனோ, “அண்ணே, ரெண்டாம் பக்கம் போகுது, காசு கூட ஆகும், இந்தப் பத்தியை எடுத்துடலாமா?” என்றான். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பையனுக்கு எப்படித் தெரியும்? எடுத்துவிட்டான். விசாரணையில் கேட்டார்கள்: “விடுப்புக் கடிதம் கொடுத்ததாக இப்போது சொல்கிறீரே, மனுவில் ஏன் இல்லை?”

பையனைக் குறை கூற மாட்டோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற அவனும் ஒரு தொழிலாளியே. கூடுதல் விளக்கம் எழுதித் தர அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார் தோழர்.

“நானே அடிச்சிருந்தா அதை விட்டிருப்பேனா அண்ணே?” என்று கேட்டார்.

“விட்டிருக்க மாட்டீர்கள். அப்படியானால் நீங்களே அடியுங்களேன்” என்றோம்.

சிரித்தார். வயது நாற்பத்து மூன்று என்றார். விரலெல்லாம் காய்த்துப் போய்விட்டது என்றார். கடைசியாக, அடித்துப் பேச முடியாத வாதம் என்று அவர் எண்ணிய ஒன்றைச் சொன்னார். “கீபோர்டுல தமிழே இல்லையேண்ணே! அத்தனையும் இங்கிலீசு. எதைப் பார்த்து அடிக்கிறது?”

இந்தக் கேள்வியைத் தமிழகமெங்கும் கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். நாம் சொல்லும் விடை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். எழுத்து இல்லாதது நல்லது, தோழா! பார்க்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதற்பாடமே!

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் கிறிஸ்டபர் ஷோல்ஸ் என்று ஒருவர் இருந்தார். அச்சுத் தொழில் அறிந்தவர், பத்திரிகைக்காரர். தட்டச்சுப் பொறிக்கு 1868-ல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி அதை எடுத்துச் செய்து 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொறி வந்துவிட்டது, கை வரவில்லை! எந்த விரலால் எந்த விசையை அடிப்பது என்பதற்கு முறையே இல்லை. கோழி கொத்துவதுபோல் தேடித் தேடிக் கொத்திக்கொண்டிருந்தனர் பெரும்பாலோர். இன்றைக்கும் நம்மில் பலர் கொத்துகிறோமே, அப்படித்தான்.

1888 ஜூலை 25. சின்சினாட்டி நகரத்தில் ஒரு போட்டி. சால்ட் லேக் நகரத்து நீதிமன்றச் சுருக்கெழுத்தர் பிராங்க் மெக்குரின் ஒரு பக்கம். அவர் பத்து விரல்களையும் பயன்படுத்தினார், விசையைப் பார்ப்பதில்லை. மறுபக்கம், விசையைப் பார்த்து அடித்துப் பேர் வாங்கியவர். சொல்லக் கேட்டு அடிக்கும் சோதனை ஒன்று, தாளைப் பார்த்து அடிக்கும் சோதனை ஒன்று. இரண்டிலும் வென்றார் மெக்குரின்.

ஏன் வென்றார் என்பதில்தான் நமக்குப் பாடம். மற்றவர் தாளைப் பார்த்தார், விசையைப் பார்த்தார், மறுபடி தாளுக்கு வந்து ‘எங்கே விட்டோம்?’ என்று தேடினார். மெக்குரினின் கண் தாளிலேயே இருந்தது. விரல் வேலையை விரல் பார்த்துக்கொண்டது. ஆலையில் நம் தோழர் சுத்தியலைப் பார்த்தா அடிக்கிறார்? உளியின் முனையை அல்லவா பார்க்கிறார்! அதே வித்தைதான்.

விரல் இடம் தெரிந்துகொள்வது எப்படி? எந்தக் கீபோர்டையும் எடுத்து, கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். நடு வரிசையில் இரண்டு விசைகளின் மேல் மட்டும் சிறு மேடு இருக்கும். எஃப் ஒன்று, ஜே ஒன்று. இரண்டு ஆட்காட்டி விரல்களும் உட்காரும் வீடு அவை. மற்ற விரல்கள் வரிசையாகப் பக்கத்தில் அமரும். எங்கே போனாலும் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவே சட்டம்.

நம் ஊர் தட்டச்சுப் பயிலகங்கள் இதை இரண்டு மூன்று தலைமுறைகளுக்குக் கற்பித்தன. மாடிப்படி ஏறும்போதே காது கிழியும். ஏ எஸ் டி எஃப் என்று ஒரு வரிசை, தமிழ்ப் பொறியில் ‘யளனக’ என்று ஒரு வரிசை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஏழைப் பிள்ளைகள் லோயர், ஹையர் என்று பாஸ் செய்து அரசு அலுவலகத்துக்குள் நுழைந்த வாசல் அது. கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பெண்கள் சொந்தச் சம்பாத்தியம் கண்ட வாசலும் அதுவே. தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பதவிக்கு அந்தச் சான்றிதழ்தான் சாவி.

அந்தத் தமிழ்ப் பொறியும் தானாக வரவில்லை. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்குவது எப்படி? யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆர். முத்தையா, மலாயா-சிங்கப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போனவர், அதைச் சாதித்தார். அவர் கண்ட வழியின் பெயர் நகரா விசை. அடித்தால் குறி விழும், வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்தும் அதே இடத்தில் விழும். புள்ளியும் எழுத்தும் ஒன்றாகிவிடும். 1930-களில் ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தன அவருடைய பொறிகள்.

கம்ப்யூட்டர் வந்தபோது மறுபடி குழப்பம். ஆளுக்கொரு விசைப்பலகை, கம்பெனிக்கொரு எழுத்துரு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் கட்டங்கட்டமாக நின்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. அதன் வழியாகப் பிறந்து, அதே ஆண்டு தமிழக அரசின் ஏற்பைப் பெற்ற விசைப்பலகைதான் தமிழ்99.

அதன் அமைப்பைக் கேளுங்கள். உயிர் எழுத்துகள் இடக்கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. மேடு உள்ள எஃப் விசையில், இட ஆட்காட்டி விரலின் கீழ், புள்ளி. மேடு உள்ள ஜே விசையில், வல ஆட்காட்டி விரலின் கீழ், ப. அதையடுத்து ம, த, ந. இடக்கையின் சுண்டு விரலில் அ, மோதிர விரலில் இ, நடுவிரலில் உ. ‘க’ அடித்து ‘உ’ அடித்தால் ‘கு’. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப என்று இனம் இனத்தோடு சேர்ந்தாலும் புள்ளி தானே விழும். அடித்துப் பாருங்கள்: த, ம, ப, இ. நான்கே தட்டு. விரல் வீட்டை விட்டு நகரவில்லை. திரையில் நிற்கும் சொல் — தம்பி! நம் மேடைகள் எல்லாம் முழங்கிய அந்தச் சொல்லை எண்ணித்தான் அமைத்தார்களோ என்று நாம் வியந்ததுண்டு.

“நான்தான் இங்கிலீசு எழுத்துலயே தமிழ் அடிக்கிறேனே, வேலை நடக்குதே” என்பார் இளைஞர். நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாரும். ‘தொழிலாளர்’ என்ற சொல்லுக்கு டி, எச், ஓ, இசட், எச், ஐ, எல், ஏ, ஏ, எல், ஏ, ஆர் — பன்னிரண்டு தட்டு. ள-வுக்காக நடுவே ஷிப்ட் வேறு. மென்பொருளுக்கு மென்பொருள் ஒன்றிரண்டு கூடும், குறையும். தமிழ்99-ல் த, ஒ, ழ, இ, ல, ஆ, ள, ர, புள்ளி — ஒன்பது. மூன்று தட்டு மிச்சம் என்பது சிறு கணக்கு. பெரிய கணக்கு வேறு. அம்மாவை எழுத ‘ஏ’யையும் ‘எம்’மையும் நினைக்க வேண்டியிருக்கிறதே, அதுதான். எண்ணம் தமிழில் பிறந்து, ஆங்கிலத்தில் சுங்கம் கட்டி, மறுபடி தமிழாகித் திரைக்கு வருகிறது. ர-வா ற-வா, ல-வா ள-வா என்ற தடுமாற்றத்தில் பாதி இந்தச் சுங்கச் சாவடியில் ஏற்படுவதே.

இன்னொருவர் கேட்பார்: “வாயால் சொன்னால் போனே எழுதுகிறதே, விரல் எதற்கு?” பேசி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆலைக் கேண்டீனில் உட்கார்ந்து, மேஸ்திரி பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருக்க, மேஸ்திரி மீதான புகாரை வாய்விட்டுச் சொல்வீர்களா?

சரி, நம் வார்ப்பாலைத் தோழர் கதைக்கு வருவோம். சங்கத்துப் படிப்பகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. தமிழ்99-க்குக் காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறது. விசைப் படத்தை ஒரு தாளில் வரைந்து திரைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஒட்டினோம். கீபோர்டின் மேல் ஒட்டவில்லை! ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாமா என்று கேட்டார். கூடாது என்றோம். தட்டச்சு ஆசிரியர்கள் விசையை மறைத்துக் கற்பித்த காலம் உண்டு. நமக்கோ மறைக்க வேண்டிய செலவுகூட இல்லை. தமிழ் எழுத்து அங்கே இல்லவே இல்லையே!

ஷிப்ட் முடிந்து வந்து தினம் அரைமணி. முதல் வாரம் நடு வரிசை மட்டும். தம்பி, பந்து, உப்பு, பத்து, புத்தி. குழந்தைப் பாடம்போல் இருக்கிறதென்று வெட்கப்பட்டார். வாசற் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார். இடக்கைச் சுண்டு விரல் அவருக்கு மடங்காது. பழைய காயம். அந்த விரலில்தான் அ இருக்கிறது. நல்ல வேளையாக அ அதிகம் தேவைப்படாது. ‘க’ அடித்தாலே அதற்குள் அ இருக்கிறது. மேல் வரிசையில் இருக்கும் ஆ-தான் தொல்லை கொடுத்தது. மோதிர விரலால் அடியுங்கள் என்றோம். புத்தகத்து முறைக்கு விரோதம்தான். புத்தகம் எழுதியவர் வார்ப்பாலையில் வேலை செய்யவில்லை.

நான்காம் வாரம் வந்தார், முகம் தொங்கியிருந்தது. “ரெண்டு விரலால கொத்தினப்போ இதைவிட வேகமா அடிச்சேண்ணே. பதினஞ்சு நாளா ஒரு இஞ்ச் நகரலை.” இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். விரல் தடித்ததாலோ வயது ஆனதாலோ விடுகிறவர்கள் சிலரே. பழைய வேகம் போய்ப் புது வேகம் வராத அந்த நடுவழிதான் ஆளை விழுங்குகிறது. இது புதிதல்ல. தந்தி அடிக்கக் கற்றவர்களை அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் ஆராய்ந்து 1897-லும் 1899-லும் எழுதினார்கள். கற்பவரின் வேகம் ஏறும், பிறகு வாரக்கணக்கில் மேட்டுநிலம்போல் அப்படியே நிற்கும், பிறகு மீண்டும் ஏறும் என்று கண்டனர். எழுத்து எழுத்தாகப் பிடித்த கை, சொல் சொல்லாகப் பிடிக்கப் பழகும் காலம் அது என்று விளக்கினர். வெளியே அசைவு தெரியாது. உள்ளே வேலை நடக்கும்.

அதைச் சொன்னோம். நம்பினாரோ இல்லையோ, மறுநாளும் வந்தார். வேகத்தை மறந்துவிட்டுப் பிழையில்லாமல் அடிக்கச் சொன்னோம். பிழையோடு விரைந்து பழகிய விரலைத் திருத்துவது புதிய விரலுக்குக் கற்பிப்பதைவிடக் கடினம். இரண்டு விரல் கொத்தலுக்கு மட்டும் திரும்பக் கூடாது, போனில் செய்தி அனுப்பும்போது தவிர, என்று நிபந்தனை போட்டோம். மூன்றாம் மாதம் ஒருநாள் திரையைப் பார்த்து அடித்துக்கொண்டே நம்மோடு பேசினார். பேசுவதை அவரும் கவனிக்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்த விசாரணை அவருக்கு ஒருவகையில் உதவிற்று. கூடுதல் விளக்கத்தைத் தாமே அடித்தார். இரண்டரைப் பக்கம். ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. கடைப் பையன் அரைமணியில் அடித்திருப்பான். விடுப்புக் கடிதம் எந்தத் தேதியில், யார் கையில், எந்த இடத்தில் கொடுத்தார் என்பது முதல் பத்தியிலேயே இருந்தது. நம்மிடம் காட்டினார். ஒரு ‘ள’ ‘ல’ ஆகியிருந்தது, ஓர் இடத்தில் ஒற்று விட்டிருந்தது. காட்டினோம், திருத்தினார். இன்னொரு வாக்கியம் நீளமாக இருப்பதாகச் சொன்னோம். “அது இருக்கட்டும்ணே” என்றார்.

அச்செடுக்க அதே தெருவுக்கு, அதே கடைக்குத்தான் போனார். பிரிண்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்ட பையன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டானாம்: “யாருண்ணே அடிச்சது? எந்தக் கீபோர்டு?”