போட்டியாளரை விலைக்கு வாங்கிய லியட்: கரீபியன் விமான இணைப்பு எழுப்பும் கேள்விகள்

கிழக்குக் கரீபியன் தீவுகளை இணைத்துவந்த லியட் விமான நிறுவனம், தனது ஒரே பெரிய போட்டியாளரான கரீபியன் ஸ்டார் நிறுவனத்தை 2007ஆம் ஆண்டில் தன்வசப்படுத்தியது. நிறுவனத்தைக் காப்பாற்றுவதற்கென எடுக்கப்பட்ட இந்த முடிவு, அதன் அடிப்படைப் பிரச்சினையைத் தொடாமலேயே விட்டுவிட்டது என்பதைப் பிந்தைய நிகழ்வுகள் காட்டுகின்றன.

கரீபியன் தீவுகளுக்கு இடையில் சாலையோ ரயிலோ கிடையாது. பல தீவுகளுக்கிடையே முறையான பயணிகள் கப்பல் சேவையும் இல்லை. எனவே மருத்துவத்திற்கோ, படிப்பிற்கோ, உறவினரின் இறுதிச் சடங்கிற்கோ செல்வோருக்கு விமானமே பேருந்து போன்றது.

லியட் 1956ஆம் ஆண்டு மொன்செராட் தீவில் சிறிய விமானம் ஒன்றுடன் தொடங்கப்பட்டது. அதன் உரிமையாளரான பிரிட்டிஷ் நிறுவனம் 1974இல் வீழ்ச்சியடைந்தபோது, 11 கரீபியன் அரசுகள் கூடி அதனை ஏற்றுக்கொண்டன. காலப்போக்கில் ஆன்டிகுவா பார்புடா, பார்படோஸ், செயின்ட் வின்சென்ட் ஆகிய மூன்று அரசுகளே நிதிச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்க நேர்ந்தது.

கட்டணப் போர்

அமெரிக்கச் செல்வந்தர் ஆலன் ஸ்டான்போர்ட், 2000ஆம் ஆண்டில் ஆன்டிகுவாவைத் தளமாகக் கொண்டு கரீபியன் ஸ்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். இரு நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே தடங்களில், ஒரே வகையான சிறிய விமானங்களை இயக்கின. கட்டணங்கள் செலவுக்கும் கீழே சரிந்தன. பயணிகள் பயனடைந்தார்கள். ஆனால் இரு நிறுவனங்களும் நட்டத்தில் மூழ்கின.

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு தரப்பும் கூட்டாகச் சேவைகளை நடத்த இணங்கின. முழு இணைப்பு என்று தொடங்கிய இத்திட்டம், பின்னர் கரீபியன் ஸ்டாரின் சொத்துக்களை லியட் விலைக்கு வாங்குவதாக மாறியது. இதற்காகவும் லியட்டின் சீரமைப்புக்காகவும் மூன்று அரசுகளும் கரீபியன் அபிவிருத்தி வங்கியிடமிருந்து சுமார் 6 கோடி அமெரிக்க டாலர் கடன் பெற்றன. அவ்வாண்டு நவம்பரில் கரீபியன் ஸ்டாரின் சேவை நின்றது.

மூன்று கேள்விகள்

முதலாவது, பொதுப்பணம் தொடர்பானது. நட்டத்தில் இயங்கிய ஒரு தனியார் நிறுவனம், போட்டியிலிருந்து விலகிச் செல்வதற்கு மக்களின் கடன்பணத்தைப் பெற்றுக்கொண்டது. அந்நிறுவனத்தின் உரிமையாளரோ ஆன்டிகுவா அரசுக்கே கடன் கொடுத்திருந்த செல்வாக்கு மிக்கவர். கடன் கொடுத்தவருடன் கடன் வாங்கியவர் பேரம் பேசுவது சமநிலையான பேரமாக இருக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பே. முதலீட்டாளர்களிடம் பல நூறு கோடி டாலர் மோசடி செய்த குற்றத்திற்காக ஸ்டான்போர்டுக்கு 2012இல் அமெரிக்க நீதிமன்றம் 110 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இரண்டாவது, போட்டி ஒழிந்ததைப் பற்றியது. பல தடங்களில் லியட் தனியுரிமை பெற்றது. கட்டண உயர்வு குறித்த புகார்களும் பெருகின. இத்தகைய இணைப்புகளைப் பிராந்திய அளவில் ஆராயவேண்டிய கரிகொம் அமைப்பின் போட்டி ஆணையம் 2008 ஜனவரியில்தான் திறந்துவைக்கப்பட்டது. அதாவது, காவலர் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே கடை மூடப்பட்டுவிட்டது. எனினும், பழைய மலிவுக் கட்டணங்கள் எப்படியும் நீடித்திருக்க முடியாது என்பதையும், பயணச்சீட்டின் விலையில் கணிசமான பகுதி அரசுகளே விதித்த வரி என்பதையும் மறுப்பதற்கில்லை.

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. லியட்டின் சேவையைப் பல தீவுகள் பெற்றன. செலவைச் சில தீவுகளே ஏற்றன. நட்டம் தரும் தடங்களுக்குப் பணம் கொடுப்பது யார் என்பதற்கு 2007ஆம் ஆண்டின் உடன்பாட்டில் விடை இருக்கவில்லை. டொமினிக்கா பின்னாளில் பங்குதாரராகச் சேர்ந்தபோதிலும் இந்த நிலை அடிப்படையில் மாறவில்லை. 2013இல் புதிய விமானங்களுக்கு மாறியபோது மீண்டும் கடன் வாங்கப்பட்டது. சேவைகளும் பெரிதும் குழம்பின.

கோவிட் பெருந்தொற்று விமானங்களைத் தரையிறக்கிய 2020இல் லியட் நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. பணி இழந்தோர் தமக்குச் சேரவேண்டிய பணிக்கொடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 2024 ஜனவரியில் பழைய நிறுவனம் தனது வணிகச் சேவைகளை முற்றாக நிறுத்தியது. அதே ஆண்டில், நைஜீரியாவின் ஏர் பீஸ் நிறுவனத்துடன் ஆன்டிகுவா அரசு கூட்டுச் சேர்ந்த லியட் 2020 என்ற புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது.

போட்டியாளரை அகற்றினால் நட்டம் அகலும் என்ற கணிப்பில் கரீபியன் அரசுகள் கடன்பட்டன. சிறிய மக்கள்தொகை கொண்ட தீவுகளுக்கு இடையிலான விமானச் சேவை வணிகமா, பொதுச் சேவையா என்பதை முதலில் தீர்மானித்திருக்க வேண்டும். பொதுச் சேவை என்றால், அதன் செலவைப் பயன்பெறும் அனைத்துத் தீவுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தப் பங்கீடு முடிவாகாதவரை, புதிய நிறுவனங்களையும் பழைய பிரச்சினையே எதிர்கொள்ளும்.