உங்களுக்குத் தெரியுமா? மொரிஸ் மைனருக்கு ஒரு தவளைக்கண் உறவு

ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி என்று மலையகம் நன்கறிந்த மொரிஸ் மைனருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சொந்தம் உண்டு: 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். இந்தத் திறந்த இருவர் காரின் ஸ்டியரிங் மைனருடையது.

தவளைக் கண்போல் துருத்தும் முன்விளக்குகளை மடக்கும்படி அமைக்கத்தான் முதலில் திட்டம். செலவுக்கு அஞ்சிக் கைவிட்டார்கள். டிக்கிக்கு மூடியும் கிடையாது. ஸ்பெயார் வீலை சீட்டுக்குப் பின்னால் குனிந்துதான் இழுக்க வேண்டும்!

பொனட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. எடை குறைக்க அதைக் கழற்றிவிட்டு ஃபைபர் பொனட் மாட்டிய பந்தயக்காரர்கள் பலர். அப்படி உருமாறிய கார்களை மீட்பவர்கள், இன்று கழித்துப்போட்ட வண்டிகளில் அசல் இரும்பு பொனட்டைத் தேடுகிறார்கள்.

மைனர் பிரியர்களுக்கு அந்தப் பாடு குறைவு. 1990களில் அதன் உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரப் பட்டறைக்குக் கப்பலேறின.