பார்பிக்யூ வாங்கும் முன்: எங்கே பற்றவைப்பீர்கள்?

2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன குழுவில் இரண்டு பேர் தங்கிய அறையிலேயே இறந்துபோனார்கள். சிலிண்டர் வெடிக்கவில்லை, தீயும் பிடிக்கவில்லை. கறி சுட்ட கரி அடுப்பை அணைக்காமல் தூங்கியதில், அறைக்குள் புகை சூழ்ந்து மூச்சுத் திணறி இறந்தார்கள் என்று செய்திகள் வந்தன.

மலைக்குளிரில் நடந்தது, நமக்கென்ன என்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஏ.சி. ஓடும் அறையும் கதவு சாத்திய அறைதான். வார விடுமுறை இரவில் மொட்டை மாடியில் கறி சுடும்போது மழை பிடித்துக்கொண்டால், அடுப்பை மாடிப்படிக்கோ அறைக்கோ இழுத்து வருவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும்.

எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, கண்ணும் எரியாது. சமையல் எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். கரிக்கு அப்படி ஒரு காவல் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை அடங்கி, கங்கு செக்கச்செவேலென்று இருக்கும் நேரத்தில்தான் ‘இனி உள்ளே எடுக்கலாம்’ என்று நினைப்போம். அப்போதும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்பவை முதல் அறிகுறிகள். கூடவே பீர் பாட்டிலும் இருந்தால் இந்த அறிகுறிகளைப் போதை என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். படுக்க வைக்காதீர்கள். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

ஆகவே எந்த பிராண்டு, என்ன விலை என்பதெல்லாம் பிறகு. எங்கே பற்றவைப்போம் என்பதுதான் முதல் கேள்வி. திறந்த மாடியோ முற்றமோ இல்லையென்றால், வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லையென்றால், கரி அடுப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மின்சார கிரில் போதும். சுவை கொஞ்சம் குறையும்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதிலும் 2000 வாட் கிரில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஃபோன் சார்ஜ் போடும் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகலாம். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் அறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைப் பகுதியில் கைக்கு எளிதாகக் கிடைப்பது டிரம் அடுப்பு. 200 லிட்டர் டிரம்மை நெட்டுவாக்கில் இரண்டாக அறுத்து, ஆங்கிள் இரும்பில் கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டால் பத்துப் பேருக்குக் கறி சுடும் அடுப்பு தயார். பழைய இரும்புக் கடையில் டிரம் வாங்கிக் கொடுத்தால் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. பெயின்ட், தின்னர், கூலன்ட், ரெசின் என்று எதுவும் இருந்திருக்கலாம். உள்பூச்சில் ஊறியது சூட்டில் ஆவியாகி மேலே இருக்கும் கறியில்தான் படியும். ரசாயனம் ஒட்டிய காலி டிரம்களை 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரக் கழிவு என்றே பட்டியலிடுகின்றன. தொழிற்சாலைகள் அவற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். காயலான் கடை வாசலில் அடுக்கிக் கிடப்பது எந்த வழியில் வந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. அதை அறுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். தின்னர் ஆவி மிச்சமிருக்கும் டிரம்மில் கட்டிங் டார்ச்சை வைத்தால் வெடிக்கும்.

பட்டறையில்தான் செய்ய வேண்டும் என்றால் புதிய எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) தகடு வாங்கிக் கொடுங்கள். ஜி.ஐ. தகடும் ஜி.ஐ. வலையும் வேண்டவே வேண்டாம். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது 419 டிகிரியிலேயே உருகும், கரிக்கங்கின் சூடோ அதைத் தாண்டும். ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்த அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும் என்பது வெல்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. கறி வைக்கும் கம்பி 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 என்பார்கள். 202 தரத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது. எந்தத் தரம் என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுப்பு கைக்கு வந்ததும் முதல் தடவை கறி வைக்காமல், வெறும் கரியை ஒரு மணி நேரம் எரித்துவிடுவது நல்லது. கரியைப் பற்றவைக்க பெட்ரோலோ, கம்பெனியிலிருந்து பாட்டிலில் வந்த தின்னரோ ஊற்றாதீர்கள்.

கேஸ் கிரில் என்றால் கவனிக்க வேண்டியவை வேறு. ரெகுலேட்டரை கேஸ் ஏஜென்சியிடமே வாங்குங்கள். டியூப், கம்பி வலை உள்ளே வைத்த ‘சுரக்ஷா’ வகையாக இருக்கட்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் பி-27 என்பதுபோல எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். வீட்டு சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு கேஸ் ஏற்றித் தருவது சட்டவிரோதம், உயிருக்கும் உலை. முகவரிச் சான்று இல்லாத வெளியூர்த் தொழிலாளிக்கும் அடையாள அட்டையைக் காட்டினால் 5 கிலோ சிலிண்டர் முறையாகவே கிடைக்கும். கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

ஹூண்டாய் வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குக் கொரிய உணவகங்களும் வந்துவிட்டன. மேசையிலேயே கறி சுடும் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வருகிறது. உணவகத்தில் அடுப்புக்கு நேர் மேலே புகையை இழுக்கும் குழாய் இருக்கிறதே, அதை யாரும் வீட்டுக்கு வாங்குவதில்லை. வீட்டில் பியூட்டேன் கேன் செருகும் அடுப்பில் அகலமான தட்டை வைத்தால் தட்டின் சூடு கேனின் மேல் இறங்கி, கேன் வெடிக்கலாம்.

சமையல் எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் காப்பீடு ஒன்று உண்டு. உயிரிழப்புக்கு நபருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு நபருக்கு 2 லட்சம் வரை. இதற்கு நாம் தனியாக பிரீமியம் கட்டுவதில்லை. சொத்துச் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவான முகவரிக்குத்தான் பொருந்தும். ஊரில் இருக்கும் இணைப்பின் சிலிண்டரை ஒரகடத்து அறையில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இனி பில்லும் முத்திரையும். பேட்ச் நம்பர் இல்லாத பாகத்தைத் தயாரிப்பு லைனுக்குள் விடாதவர்கள்தான் இங்கே வேலை செய்கிறோம். வீட்டுக்கு அடுப்பு வாங்கும்போது மட்டும் துண்டுச் சீட்டுகூடக் கேட்பதில்லை. பெட்டியின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி.யும், இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் தயாரானது என்பதும், புகார் எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு உபயோக கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது அசலா என்று தெரிந்துவிடும். ஐ.எஸ்.ஐ. இல்லாத பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிடங்குகளிலேயே பி.ஐ.எஸ். அதிகாரிகள் சோதனை போட்டு, முத்திரையில்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள். பெரிய தளத்தில் வாங்கினோம் என்பதால் மட்டும் சோதிக்கப்பட்ட பொருள் என்று ஆகிவிடாது.

பழுதான பொருளையும் விளம்பரத்துக்கு மாறான பொருளையும் ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுப்பின் பழுதால் காயம்பட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தின்படி தயாரித்தவரிடமும், சில நிலைகளில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். டெல்லியில் இருக்கும் விற்பனையாளர்மேல் புகார் கொடுக்க டெல்லிக்குப் போக வேண்டாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். தேனியிலிருந்து வந்தவரும் ஒடிசாவிலிருந்து வந்தவரும் இங்கே வேலை பார்ப்பதே போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். அதுவரை உடைந்த அடுப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பில், பெட்டி, மருத்துவமனைச் சீட்டு, படங்கள் இவற்றோடு அதுவும் சாட்சிதான்.