காதல் கடிதம் என்று வந்த கள்ளன்

2000-ம் ஆண்டு மே 4-ந் தேதி. பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. தலைப்பு, “ஐ லவ் யூ”. கூடவே ஒரு கோப்பு இணைக்கப்பட்டு இருந்தது. “உனக்கு ஒரு காதல் கடிதம்” என்று அதற்குப் பெயர்.

தெரிந்தவர் பெயரில் வந்ததால் பலர் ஆசையோடு திறந்தார்கள். வந்தது வினை! கம்ப்யூட்டரில் இருந்த படக் கோப்புகள் அழிந்தன. முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கடிதம் தானாகவே பறந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம்கூட தன் மின்னஞ்சலை நிறுத்த நேர்ந்தது.

மறைந்து இருந்த வால்

ஏமாந்தது எப்படி?

கோப்பின் பெயருக்குக் கடைசியில், புள்ளிக்குப் பின் சில எழுத்துக்கள் இருக்கும். அதுதான் கோப்பின் வால். அது என்ன வகைக் கோப்பு என்பதை வால் காட்டிவிடும். “டி.எக்ஸ்.டி.” என்றால் வெறும் எழுத்து, படிக்கலாம். “வி.பி.எஸ்.” என்றால் கட்டளை, திறந்தால் கம்ப்யூட்டர் அதை நிறைவேற்றும்.

இந்தக் கடிதத்துக்கு இரண்டு வால்கள்! முதலில் டி.எக்ஸ்.டி.; கடைசியில் வி.பி.எஸ். கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ், கடைசி வாலைக் காட்டாமல் மறைத்துவிட்டது.

வாசலில் காவல்

அடுத்த மாதமே மைக்ரோசாப்ட் கம்பெனி, தன் “அவுட்லுக்” மின்னஞ்சலுக்குக் காவல் போட்டது. கட்டளைக் கோப்புகளைத் திறக்க முடியாதபடி தடுத்தது. வேறு புரோகிராம் எதுவும் முகவரிப் புத்தகத்தைத் தொட்டால், “அனுமதிக்கலாமா?” என்று கேட்கச் செய்தது.

ஜிமெயிலும் இத்தகைய கோப்புகளை ஏற்பது இல்லை. “ஜிப்” என்ற மூட்டைக்குள் வைத்துக் கட்டி அனுப்பினாலும், உள்ளே பார்த்துத் தடுத்துவிடும்.

வேர்ட், எக்செல் கோப்புகளிலும் “மேக்ரோ” என்ற கட்டளைகள் ஒளிந்து இருக்கலாம். வெளியில் இருந்து வரும் கோப்பு, முதலில் படிப்பதற்கு மட்டுமே திறக்கும். அதில் உள்ள மேக்ரோக்களை 2022-ம் ஆண்டு முதல் மைக்ரோசாப்ட் தானாகவே தடுத்து வருகிறது.

கடைசிப் பூட்டு

காவல்காரன் தடுத்தாலும், வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் கள்ளர்கள், “எச்சரிக்கை வரும், பயப்படாமல் அனுமதி கொடுங்கள்” என்று கடிதத்திலேயே எழுதி விடுகிறார்கள். அப்படி எழுதி இருந்தாலே உஷார்!

பெயர் தெரிந்தவர் பெயராக இருக்கலாம். அனுப்பியவர் அவர்தானா? எதிர்பாராத இணைப்பு வந்தால், திறப்பதற்கு முன் அவருக்கே போன் செய்து கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். குடும்பப் படங்கள் பிழைக்கும்.