கற்சிலையும் காட்டெருதும்

மலையின்மீது மனிதன் இருவகையாக உரிமை பாராட்டுகின்றான். அதனை வணங்கி வாழ்வது ஒருவகை. அதனைக் குடைந்து தன் உருவை நிலைநாட்டுவது மற்றொருவகை. இவ்விரண்டும் எதிரெதிராக நிற்கும் இடமொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, தென் டக்கோற்றா மாநிலத்தில் உண்டு. அடர்ந்த பைன் மரங்களால் தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் கருமையாகத் தோன்றும் அம்மலைத் தொடருக்குக் கருமலைகள் என்று பெயர். லக்கோற்றா மக்கள் தம் மொழியிலும் அவ்வாறே 'பகா சப்பா' என்றழைப்பர்.

அந்நாட்டிற் குடியேறியுள்ள என் தங்கை குடும்பத்தாருடன் ஒரு கோடையில் அங்கு சென்றேன். வாடகைக்கு எடுத்த வீட்டு மோட்டார் வண்டியே எமது வாகனம். அடுப்பு, கட்டில், குளிர்பெட்டி, குளியலறை யாவும் அதனுள் அடக்கம். தங்கை அதிலேயே புட்டவித்தாள். ஆயினும் அவ்வீடு எல்லா இடத்துக்கும் வந்துவிடாது. 'ஊசிகள்' எனப்படும் கூர்ம்பாறைகளின் ஊடே செல்லும் வீதியிலே ஒரு குகைவழியின் அகலம் 8 அடிதான். எனவே வண்டியை முகாமில் நிறுத்திவிட்டுச் சிறிய காரிலே மலையேறினோம்.

றஷ்மோர் மலையில் வாஷிங்டன், ஜெபர்சன், தியோடோர் றூஸ்வெல்ட், லிங்கன் ஆகிய நான்கு ஜனாதிபதிகளின் முகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 60 அடி உயரம். 1927 இல் தொடங்கி 1941 வரை, ஏறத்தாழ 400 தொழிலாளர் இவற்றைச் செதுக்கினர். பாறையின் 90 வீதத்தைப் பெயர்த்தது உளியன்று, வெடிமருந்தே. வேலையின்போது ஓர் உயிரேனும் போகவில்லை. சிற்பி குற்சன் போக்ளம் 1941 மார்ச்சில் மறைய, மகன் லிங்கன் போக்ளம் எஞ்சிய வேலையை நடத்தினார்.

வியந்து நின்றவேளை மருமகள் கேட்டாள்: "மாமா, இவையள் எல்லாரும் இந்த மலையிலையே இருந்தவை?"

இல்லை என்றேன். அப்படியானால் இருந்தவர் யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்கு விடை சொல்வது எளிதன்று.

1868 ஆம் ஆண்டின் போட் லாரமி உடன்படிக்கை இம்மலைகளை லக்கோற்றா முதலிய சூ மக்களுக்கே உரியவையென ஒப்புக்கொண்டது. 1874 இல் கஸ்டர் என்னும் படைத்தலைவன் நடத்திய பயணத்தின்போது பொன் கண்டறியப்பட்டது. 1877 இல் மலைகள் பறிக்கப்பட்டன. நூறாண்டுக்கு மேற்பட்ட பின்னர், 1980 இல், உயர் நீதிமன்றம் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை உறுதிசெய்தது. அம்மக்கள் அதனைத் தொடவில்லை. வட்டியோடு 100 கோடியைக் கடந்துவிட்ட அப்பணம் இன்றும் கிடக்கின்றது. அவர்கள் கேட்பது மலையையே.

அங்கிருந்து சில மைல் தொலைவில், கிறேசி ஹோர்ஸ் என்னும் லக்கோற்றா வீரனின் உருவம் மற்றொரு மலையிற் செதுக்கப்படுகின்றது. தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பெயாரின் அழைப்பையேற்று, கோர்சாக் சியோல்கோவ்ஸ்கி 1948 இல் அரசாங்கப் பணம் பெறாது இதனைத் தொடங்கினார். 1982 இல் அவர் மறைந்தபின் குடும்பத்தார் தொடர்கின்றனர். முகம் 1998 இல் முடிந்தது, ஏனையவை முடிந்தபாடில்லை. புனித மலையை எவருக்காகவும் வெடிவைத்துத் தகர்ப்பது தகாதென்று கருதும் லக்கோற்றாக்களும் உளர் என்பதையும் சொல்லவேண்டும்.

மறுநாள் வனவிலங்குப் பூங்காவுக்குச் சென்றோம். 71,000 ஏக்கர் பரப்புள்ள அது கஸ்டரின் பெயரையே தாங்கியுள்ளது. வீதியிலே பைசன் எனப்படும் காட்டெருதுகள் கூட்டமாகக் கடந்தன. கார்கள் யாவும் நின்றன. பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தனர். ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் இச்சமவெளிகளை நிறைத்த இனம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓராயிரத்துக்கும் கீழே குறைந்தது. அவற்றையே உணவாகவும் உடையாகவும் கூடாரமாகவும் கொண்டிருந்த மக்கள், அவற்றோடு தாமும் வீழ்ந்தனர். 1914 இல் இங்கு கொண்டுவரப்பட்ட 36 எருதுகளின் வழிவந்த கூட்டம் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டது.

அழித்த கையே காக்கவும் வல்லது என்பதற்கு இவ்விலங்குகள் சான்று. மனிதருக்கு இழைத்த அநீதியையும் அவ்வாறு திருத்த அக்கை முன்வருமா? கருமலைகளைக் காணச் செல்லும் அன்பர்கள் நான்கு முகங்களையும் கண்டு வியக்கட்டும். அவை செதுக்கப்படுமுன் அம்மலைக்கு 'ஆறு பாட்டன்மார்' என்று லக்கோற்றாக்கள் இட்டிருந்த பெயரையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.