யாருடைய நாணயத்தில் கடன்?

1997 ஜூலை 2. டாலருக்கு எதிராகத் தன் நாணயமான பாட்டின் மதிப்பை இனித் தாங்கிப் பிடிக்க முடியாது என்று தாய்லாந்து கைவிரித்தது. ஆண்டுக்கணக்காக டாலருக்கு 25 பாட் என்ற அளவில் நின்றிருந்த விலை, அடுத்த ஜனவரியில் 50ஐத் தாண்டியது. டாலரில் வாங்கிய கடன் அதேதான். ஆனால் பாட்டில் சம்பாதித்த நிறுவனத்துக்கு அது இரண்டு மடங்காகிவிட்டது. பாங்காக்கில் பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றுபோயின.

மனம் பதைக்க வைப்பது வேறொன்று. ஆசியர்கள் சேமிக்காதவர்கள் அல்ல. அவர்களுடைய சேமிப்பின் ஒரு பகுதி அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களுக்குப் போனது. உள்ளூர் வங்கிகளோ வெளிநாட்டில் குறுகிய காலத்துக்கு டாலரில் கடன் வாங்கி, பல ஆண்டு பிடிக்கும் கட்டடங்களுக்குக் கொடுத்தன. உள்ளூர்ப் பணத்தை உள்ளூரிலேயே நீண்ட காலத்துக்குத் திரட்ட வலுவான கடன் பத்திரச் சந்தை இல்லை.

பத்திரக் கணக்கு எளிது. நூறு ரூபாய்ப் பத்திரம், ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி, பத்தாம் ஆண்டு முடிவில் அசல். வாங்கிய மறுநாளே புதிய பத்திரங்கள் 8 ரூபாய் தரத் தொடங்கினால், பழையதை யாரும் நூறு கொடுத்து வாங்கமாட்டார்கள். விலை சுமார் 93க்கு இறங்கும். வட்டி ஏறினால் விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும். சந்தையின் அன்றாட ஆட்டமெல்லாம் இதுதான்.

1997இல் பட்ட அடி வீண்போகவில்லை. 2003இல் ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்து, சொந்த நாணயப் பத்திரச் சந்தைகளை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கின. 2006இல் இந்தோனேசியா, சாதாரண மக்களும் வாங்கும்படி ரூபியா பத்திரங்களை விற்றது. வட்டிக்குப் பதில் சொத்தின் வருமானத்தைப் பகிரும் சுகூக் பத்திரங்களில் மலேசியா முன்னோடியானது.

ஆபத்து முழுக்க நீங்கிவிடவில்லை. 2013இல் அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று சொன்னதுமே, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் பத்திரங்களை விற்றுத் தள்ளினார்கள். இந்தியாவில் மே மாதம் 55ஐ ஒட்டியிருந்த டாலர், ஆகஸ்டில் 68 ரூபாயைத் தொட்டது. வலித்தது, ஆனால் அரசின் ரூபாய்க் கடன் அதனால் வீங்கவில்லை. ஜப்பான் அரசின் கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் இரு மடங்குக்கும் மேல். அது யென்னில், பெரும்பாலும் ஜப்பானியர் கையிலேயே இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது.

இலங்கைக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. 2007இல் 50 கோடி டாலர் பத்திரத்தோடு சர்வதேசச் சந்தைக்குள் நுழைந்த நாடு, மேலும் மேலும் டாலரில் கடன் வாங்கியது. கையிருப்பு கரைந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்புவதை நிறுத்துவதாக அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், அந்தப் பத்திரங்களைக் கண்ணால்கூடப் பார்த்திராத மக்கள்.

2024 ஜூனிலிருந்து இந்திய அரசின் ரூபாய்ப் பத்திரங்கள் ஜே.பி.மார்கனின் வளரும் நாடுகளுக்கான குறியீட்டில் இடம்பெறுகின்றன. வெளிநாட்டுப் பணம் வருகிறது, ஆனால் ரூபாய்ப் பத்திரத்துக்கு. ரூபாய் சரிந்தால் நாணய நஷ்டம் வாங்கியவருக்கு. அதே பத்திரத்தை ரிசர்வ் வங்கி 2021இல் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் பத்தாயிரம் ரூபாய் வைத்திருக்கும் எவரும் வாங்கலாம்.